நாய்க்குப் பல் சுத்தம்: மயக்க மருந்து வேண்டுமா, வேண்டாமா?

நாய்க்குப் பல் விளக்குவதா என்று சிரிக்கும் அன்பர்களுக்கு முதலில் ஒரு வார்த்தை. நானும் சிரித்தவன்தான். நாய் வாலை நிமிர்த்தப் பார்க்கிறவனுக்கும் நாய்ப் பல்லைத் தேய்க்கிறவனுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை என்று எங்கள் கேம்பல் பே கடைத்தெருவில் உட்கார்ந்து பேசியவன். அந்தச் சிரிப்புக்கு எங்கள் வீட்டு மணி ஐந்து பற்களை விலையாகக் கொடுத்தது. அதனால்தான் இந்தக் கட்டுரை.

மணி உயர்சாதி நாய் அல்ல. நாட்டு நாயும் வேறு ஏதோ ஒன்றும் கலந்த பழுப்பு நிற நாய். தின்பது சோறும் மீனும். 2022-இல் என் மனைவியின் கண் சிகிச்சைக்காக நாங்கள் சென்னையில் சில மாதங்கள் தங்க வேண்டி வந்தது. விட்டுச் செல்ல ஆளில்லாததால் மணியும் கப்பலேறியது. சென்னைக்குப் போன பிறகுதான் அதன் வாய் நாற்றம் எங்களுக்கு உறைத்தது. தீவில் திறந்த வெளியில் கிடந்த நாயை இரண்டு அறை வீட்டுக்குள் வைத்திருந்தால் தெரியாமல் போகுமா? உதட்டைத் தூக்கிப் பார்த்தால், மேல் கடைவாய்ப் பற்களில் தேங்காய் ஓட்டின் நிறத்தில் கெட்டியாகப் பற்காரை.

அப்போது மணிக்கு வயது ஐந்து. கால்நடை மருத்துவர் ஒருவரிடம் காட்டினோம். இரத்தப் பரிசோதனை செய்துவிட்டு, முழு மயக்கம் கொடுத்துச் சுத்தம் செய்ய வேண்டும் என்றார். மயக்கம் என்ற சொல்லைக் கேட்டதும் என் மனைவி நாயை இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். நாய்களுக்கு முடி வெட்டி, நகம் வெட்டிக் குளிப்பாட்டும் கடை ஒன்று பக்கத்துத் தெருவிலேயே இருந்தது. "மயக்க மருந்து கிடையாது, அரை மணி நேரம்தான், பல் முத்து மாதிரி ஆகிவிடும்" என்றார்கள். செலவும் கால் பங்குதான். ஒருவர் பிடித்துக்கொள்ள, இன்னொருவர் கொக்கி போன்ற கருவியால் காரையைப் பெயர்த்தார். மணி நடுங்கியது, ஒருமுறை முனகியது, ஈற்றில் கொஞ்சம் இரத்தம் கசிந்தது. முடிந்ததும் பற்கள் உண்மையிலேயே வெள்ளை வெளேரென்று இருந்தன. நாற்றமும் சில வாரங்கள் குறைந்தது. மருத்துவர் நம்மை ஏமாற்றப் பார்த்தார் என்று நானே நாலு பேரிடம் சொன்னேன்.

என் மைத்துனர் கால்நடை மருத்துவர்தான். ஆனால் அவர் நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணைகளைப் பார்ப்பவர். கோழி வைத்தியருக்கு நாய்ப் பல்லைப் பற்றி என்ன தெரியும் என்று நினைத்து அவரிடம் கேட்கவில்லை. என் புத்திசாலித்தனத்துக்கு இது ஒரு சான்று.

கண்ணுக்குக் கீழே ஒரு வீக்கம்

தீவுக்குத் திரும்பி ஒன்றரை ஆண்டு இருக்கும். ஒரு நாள் காலை மணியின் இடது கண்ணுக்குக் கீழே எலுமிச்சம்பழம் அளவுக்கு வீங்கியிருந்தது. குளவி கொட்டியிருக்கும் என்றார்கள் அக்கம்பக்கத்தார். மூன்றாம் நாள் அது உடைந்து சீழ் வந்தது. படம் எடுத்து மைத்துனருக்கு அனுப்பினேன். அடுத்த நிமிடம் தொலைபேசியில் வந்தார்.

"அத்தான், கண்ணைப் பார்க்காதீங்க. அந்தப் பக்கம் மேல் கடைவாய்ப் பல்லைப் பாருங்க."

"பல் வெள்ளையாத்தானே இருக்கு?"

"வெள்ளையா இருக்கிறதுதான் அத்தான் கோளாறு. இல்லாட்டி நீங்க அப்பவே பார்த்திருப்பீங்களே."

இந்தப் பதிலை அன்று நான் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. பிறகு அவரிடம் கேட்டும், படித்தும் தெரிந்துகொண்டதை உங்களுக்குச் சொல்கிறேன்.

வளர்ந்த நாய்க்கு 42 பற்கள்: மேலே 20, கீழே 22. மேல்தாடையில் நான்காம் முன்கடைவாய்ப் பல் என்பது நாயின் வெட்டுக்கத்தி. கீழ்ப்பல்லோடு கத்தரிக்கோல் போலச் சேர்ந்து இறைச்சியை அறுப்பது அதுதான். அதற்கு மூன்று வேர்கள். அந்த வேர்களின் முனை கண்ணுக்குக் கீழே இருக்கும் எலும்பில் முடிகிறது. வேர்முனையில் சீழ் கட்டினால் அது கன்னத்தில் கண்ணடியில் வீங்கி வெளியே வரும். பார்ப்பவர் கண்நோய் என்றோ பூச்சிக்கடி என்றோ நினைப்பார். இதே பல்லின் அருகில்தான் உமிழ்நீர்ச் சுரப்பி ஒன்றின் குழாய் திறக்கிறது. ஆகவே காரை அதிகம் படிவதும் இந்த இடத்தில்தான். உங்கள் நாயின் வாயைச் சோதிக்க வேண்டுமானால் முன்பல்லைப் பார்த்து ஏமாறாதீர்கள். உதட்டின் ஓரத்தைப் பின்னுக்குத் தூக்கி இந்தப் பல்லைப் பாருங்கள்.

இனி நோய்க்கு வருவோம். சுத்தமான பல்லின் மேல் சில மணி நேரத்திலேயே கிருமிகள் வழுவழுப்பான ஒரு படலமாகப் படிகின்றன. விரலால் தேய்த்தாலே போய்விடும். தேய்க்காமல் விட்டால், உமிழ்நீரில் உள்ள சுண்ணாம்புச் சத்து அதில் ஏறி, இரண்டு மூன்று நாட்களிலேயே இறுகத் தொடங்குகிறது. அதுதான் காரை. மனிதருக்கும் இப்படித்தான்; ஆனால் நாயின் உமிழ்நீரில் காரத்தன்மை கூடுதல் என்பதால் அதற்குக் காரை விரைவில் ஏறுகிறது.

நம் கண்ணில் படுவது காரை. ஆனால் பல்லைக் கெடுப்பது அந்தக் காரை அன்று. பல்லுக்கும் ஈற்றுக்கும் நடுவே சட்டைப்பை போல ஒரு சிறு இடுக்கு உண்டு. நலமான நாயில் அதன் ஆழம் பெரும்பாலும் மூன்று மில்லிமீட்டருக்குள் இருக்கும். படலம் அந்த இடுக்குக்குள் இறங்கும்போதுதான் வினை தொடங்குகிறது. முதலில் ஈறு சிவந்து வீங்கும். இந்த நிலையில் சுத்தம் செய்தால் முழுதும் குணமாகும். அதைத் தாண்டினால் பல்லைத் தாங்கும் நாரும் எலும்பும் கரையத் தொடங்கும். கரைந்த எலும்பு தானாகத் திரும்பி வளர்வதில்லை. சிறிய இன நாய்களில் கீழ்த்தாடை எலும்பு மெலிந்து முறிந்துபோவதும் உண்டு. மேல் கோரைப்பல்லின் பக்கத்தில் எலும்பு கரைந்தால் வாய்க்கும் மூக்குக்கும் நடுவே துளை விழுந்து, நாய் ஓயாமல் தும்மும், மூக்கில் ஒழுகும். அதைச் சளி என்று நினைத்து மருந்து கொடுத்துக்கொண்டிருப்போம்.

இத்தனை நடந்தாலும் நாய் சாப்பிடுவதை நிறுத்தாது. ஒரு பக்கம் வலித்தால் மறு பக்கத்தால் மெல்லும். அல்லது மெல்லாமலே விழுங்கும். வலியை மறைப்பதில் நாயை மிஞ்ச ஆளில்லை. மணி கடைசி வரை ஒரு வேளைச் சோற்றைக்கூட விட்டதில்லை.

விழித்திருக்கும் நாயிடம் என்னென்ன செய்ய முடியாது?

இப்போது அந்தக் கடைக்காரர் செய்ததை நினைத்துப் பாருங்கள். கண்ணுக்குத் தெரிந்த காரையைப் பெயர்த்தார். பல்லின் உட்புறத்தை, நாக்குப் பக்கத்தை, அவர் தொடவே இல்லை. விழித்திருக்கும் நாய் தொட விடாது. ஈற்றுக்கு உள்ளே கருவி போகவில்லை. போயிருந்தால் மணி அவர் கையைக் கவ்வியிருக்கும். இடுக்கின் ஆழத்தை அளக்கவில்லை. வேரைப் படம் எடுக்கவில்லை. சொல்லப்போனால் நோய் இருந்த இடத்தை விட்டுவிட்டு, நோயின் அடையாளத்தை மட்டும் துடைத்துப் போட்டார். வீட்டுச் சுவரில் ஈரம் ஊறும்போது மேலே சுண்ணாம்பு அடித்தது போலத்தான். அவரைக் குறை சொல்லி என்ன பயன்? வெள்ளை கேட்டது நான். அவர் வெள்ளை கொடுத்தார்.

இது பயனற்றது என்பதோடு நின்றால்கூடப் பரவாயில்லை. ஆபத்தும் இருக்கிறது. காரை பெயர்க்கும் கருவி கூர்மையானது. நாய் திடீரென்று தலையை உதறினால் ஈறு கிழியும், நாக்கு கிழியும், கண்ணிலும் படலாம். பெயர்ந்த காரைத் துணுக்குகளும் அவற்றோடு கிருமிகளும் மூச்சுக்குழாய்க்குள் போகலாம். கருவி உரசிய பல்லில் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் விழும். மருத்துவமனையில் கடைசியாக மெருகிடுவது இந்தக் கீறல்களை வழித்துவிடத்தான், அழகுக்காக அன்று. மெருகிடாவிட்டால் சொரசொரப்பான பல்லில் படலம் முன்னிலும் வேகமாகப் பிடிக்கும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பயம். கட்டிப் பிடித்து வாயைக் குடைந்த அந்த அரை மணி நேரத்தை மணி மறக்கவில்லை. அதன் பிறகு நான் உதட்டைத் தூக்கப் போனாலே உறுமும். அன்றாடம் பல் தேய்த்துவிடக்கூடிய வாய்ப்பை அந்த ஒரு நாள் இரண்டு ஆண்டுகளுக்குப் பறித்துவிட்டது.

இது என் ஒருவன் அனுபவம் மட்டும் அன்று. அமெரிக்கக் கால்நடைப் பல் மருத்துவக் கல்லூரி என்னும் வல்லுநர் அமைப்பு, மயக்கமின்றிக் காரை நீக்குவதை ஏற்பதில்லை. அந்நாட்டு விலங்கு மருத்துவமனைகளின் சங்கம் 2013-இலும் 2019-இலும் வெளியிட்ட பல் மருத்துவ வழிகாட்டிகள், மூச்சுக்குழாயில் குழாய் பொருத்திய முழு மயக்கத்தில்தான் இதைச் செய்ய வேண்டும் என்கின்றன. உலகச் சிறுவிலங்குக் கால்நடை மருத்துவச் சங்கத்தின் வழிகாட்டியும் அதே பக்கம்தான். நம் நாட்டில் 1984-ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவ மன்றச் சட்டம், பதிவு பெற்ற மருத்துவரே கால்நடை மருத்துவம் செய்யலாம் என்கிறது. சான்றிதழ் படித்த உதவியாளர்கள் அவரது மேற்பார்வையில் சிறு உதவிகளைச் செய்ய மட்டும் அதில் இடம் உண்டு. முடி வெட்டும் கடை இதில் எங்கே வருகிறது என்பதை நீங்களே யோசியுங்கள்.

மயக்கத்தால் நாய் செத்துப்போகாதா?

என் மனைவியின் பயம் வெறும் பயம் என்று தள்ளிவிட மாட்டேன். மயக்கத்தில் ஆபத்து உண்டு. எவ்வளவு என்பதுதான் கேள்வி. பிரிட்டனில் 98,000-க்கும் அதிகமான நாய்களைக் கணக்கில் எடுத்து 2008-இல் வெளியான ஆய்வு ஒன்று இருக்கிறது. மயக்கமோ ஆழ்ந்த தூக்க மருந்தோ கொடுத்ததன் தொடர்பாக இறந்தவை மொத்தத்தில் 0.17 விழுக்காடு. உடல்நலமுள்ள நாய்களை மட்டும் எடுத்தால் 0.05 விழுக்காடு, அதாவது ஏறத்தாழ 1,850-க்கு ஒன்று. ஏற்கெனவே நோயுற்றிருந்தவற்றில் 1.33 விழுக்காடு, அதாவது 75-க்கு ஒன்று.

இந்தக் கணக்கை நான் இப்படிப் படிக்கிறேன். ஐந்து வயதில் மணி நலமான நாய். அன்று மயக்கத்துக்குப் பயந்து தள்ளிப்போட்டோம். ஏழு வயதில் சீழ் கட்டிய பிறகு அதே மயக்கத்தைக் கொடுக்க வேண்டி வந்தது. முன்னைவிடக் கூடுதலான ஆபத்தில், முன்னைவிட நீண்ட நேரத்துக்கு. தள்ளிப்போட்டதால் ஆபத்து போகவில்லை, வட்டியோடு வந்தது.

அதே ஆய்வில் இறந்த நாய்களில் ஏறத்தாழப் பாதி, சிகிச்சை முடிந்த பிறகே இறந்தன. ஆகவே கண் விழித்தவுடன் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடக்கூடாது. முதல் மூன்று மணி நேரமாவது மருத்துவமனையில் அவர்கள் கண்முன்னே இருக்கட்டும்.

இங்கே ஒரு கண்டிப்பான எச்சரிக்கை. முழு மயக்கமும் வேண்டாம், விழிப்பும் வேண்டாம், ஓர் ஊசி போட்டு அரைத் தூக்கத்தில் செய்துவிடலாம் என்று சொல்பவர்களும் உண்டு. எல்லாவற்றிலும் மோசமானது இதுதான். அரைத் தூக்கத்தில் நாயின் விழுங்கும் சக்தியும் இருமும் சக்தியும் மந்தமாகிவிடும். காரை நீக்கும் அதிர்வுக் கருவி தண்ணீரைப் பீய்ச்சிக்கொண்டே வேலை செய்வது. அந்த அழுக்குத் தண்ணீரும் இரத்தமும் நேரே நுரையீரலுக்குப் போக வழி திறந்தே இருக்கும். நம் நாட்டில் பரவலாகப் பயன்படும் சைலசின் என்னும் தூக்க ஊசி நாயை வாந்தி எடுக்கவும் வைக்கும். முழு மயக்கத்தில் மூச்சுக்குழாயில் ஒரு குழாய் செருகி, அதன் மேல் உள்ள சிறு பலூனை ஊதி இடைவெளியை அடைத்துவிடுகிறார்கள். ஆக்சிஜன் உள்ளே போகும், அழுக்கு போகாது. நாயைக் காப்பாற்றுவது இந்தக் குழாய்.

ஆகவே மருத்துவரிடம் நான் கேட்கச் சொல்வது இவற்றைத்தான். முன்கூட்டி இரத்தப் பரிசோதனை உண்டா? மூச்சுக்குழாய் பொருத்துவீர்களா? நரம்பில் ஊசி வழி திறந்து வைப்பீர்களா? நீங்கள் பல்லைப் பார்க்கும்போது மூச்சையும் நாடியையும் ஆக்சிஜன் அளவையும் பார்த்துக்கொள்ளத் தனி ஆள் உண்டா? பல்லுக்கு எக்ஸ்ரே உண்டா? உடம்புச் சூடு குறையாமல் என்ன செய்வீர்கள்? நல்ல மருத்துவர் இதற்கெல்லாம் கோபித்துக்கொள்ள மாட்டார்.

மணியின் பயணம்

மைத்துனர் சொன்ன மருந்தில் வீக்கம் வடிந்தது. "வடிஞ்சிட்டுதுன்னு விட்டுடாதீங்க அத்தான், வேர் உள்ளேயேதான் இருக்கு, மறுபடி வரும்" என்றார். நமக்கோ கப்பல் கிடைக்க வேண்டும். கேம்பல் பேயிலிருந்து, இன்று ஸ்ரீவிஜயபுரம் என்று பெயர் மாறியிருக்கும் போர்ட் பிளேருக்கு நேர்கோட்டிலேயே 500 கிலோமீட்டர். கமோர்ட்டா, கார் நிக்கோபார் என்று நின்று நின்று போகும் கப்பல். அங்கிருந்து சென்னைக்கு மேலும் மூன்று நாள். 2004 ஆழிப்பேரலையின்போது உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு காட்டு மேட்டில் ஏறிய என் மனைவி, அன்று பயந்ததைவிட இந்தப் பயணத்தில்தான் அதிகம் பயந்ததாக இன்றும் சொல்கிறாள். அது கொஞ்சம் மிகை. ஆனால் மறுக்க எனக்குத் துணிவில்லை.

2024 சனவரியில் சென்னையில் சிகிச்சை நடந்தது. முடிய இரண்டரை மணி நேரம். மருத்துவர் எக்ஸ்ரேயைக் காட்டினார். வெளியே வெள்ளைப் பல்; வேரைச் சுற்றி எலும்பு இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பு நிழல். அந்தப் பல்லோடு மொத்தம் ஐந்து பற்களை எடுக்க வேண்டியிருந்தது. அவற்றில் மூன்று வெளிப்பார்வைக்கு ஒரு குறையும் இல்லாதவை. முழு மயக்கத்தோடு, அந்தந்த இடத்துக்கு மரத்துப்போகும் ஊசியும் போட்டதாகச் சொன்னார். அதனால் மயக்க மருந்தின் அளவு குறைகிறதாம், விழித்த பிறகு வலியும் குறைகிறதாம். மறுநாள் மணி குழைந்த சோறு தின்றது. ஒரு வாரத்தில், நாங்கள் இரண்டு மூன்று ஆண்டுகளாக மறந்தே போயிருந்த ஒன்றைச் செய்தது: செருப்பைக் கவ்விக்கொண்டு ஓடியது. வயதாகிவிட்டது, விளையாட்டு போய்விட்டது என்றல்லவா நினைத்திருந்தோம்!

மயக்கம் இல்லாத சுத்தம் ஒன்று உண்டு

அது நம் கையால் அன்றாடம் தேய்ப்பது. தீவில் இருக்கும் நமக்கு இதைவிட்டால் வேறு வழியும் இல்லை. குழந்தைகளுக்கான மென்மையான பல்துலக்கி போதும். நாய்களுக்கென்றே விற்கும் பற்பசை கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் வெறும் தண்ணீரில் நனைத்துத் தேய்க்கலாம், ஏனென்றால் வேலை செய்வது பெரும்பாலும் உரசல்தான். நம்முடைய பற்பசை கூடவே கூடாது. நாய்க்குத் துப்பத் தெரியாது. நுரையும் ஃபுளோரைடும் வயிற்றுக்குள் போகும். சில பற்பசைகளில் இனிப்புக்காகச் சேர்க்கும் சைலிட்டால் நாய்க்கு நஞ்சு; இரத்தத்தில் சர்க்கரையை மளமளவென்று இறக்கி, கல்லீரலையும் கெடுக்கும். உப்பும் அடுப்புக்கரியும் நம் பாட்டிமார் பல்லுக்குச் சரி, நாய்க்கு வேண்டாம்.

முதல் நாளே துலக்கியைத் திணிக்காதீர்கள். ஒரு வாரம் உதட்டை மட்டும் தூக்கிவிட்டு ஒரு துண்டு மீன் கொடுங்கள். அடுத்த வாரம் விரலில் மெல்லிய துணி சுற்றி மேல்பற்களின் வெளிப்புறத்தைத் தடவுங்கள். அதன் பிறகு துலக்கி. வாயைத் திறக்க வைக்க வேண்டியதே இல்லை. கன்னத்துக்குள் துலக்கியை நுழைத்து, ஈறும் பல்லும் சேரும் கோட்டில் மெல்ல வட்டமிட்டால் போதும். உட்புறத்தை நாயின் நாக்கு ஓரளவு பார்த்துக்கொள்ளும். நாள்தோறும் செய்வது நல்லது. வாரத்துக்கு ஒருமுறை செய்வது செய்யாததற்குச் சமம், அதற்குள் படலம் இறுகிவிடும். முதலில் சிறிது இரத்தம் கசியலாம். இரண்டு வாரம் தாண்டியும் கசிந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். காரை ஏற்கெனவே கெட்டியாக இருந்தால் துலக்கியால் போகாது; அதை முறைப்படி எடுத்த பிறகுதான் துலக்கி பயன்படும்.

எலும்பு கடித்தால் பல் சுத்தமாகும் என்ற நம்பிக்கை நம்மிடையே வலுவாக இருக்கிறது. கெட்டியான மாட்டெலும்பைக் கடித்து, நான் மேலே சொன்ன அந்த வெட்டுப்பல் பட்டையாகப் பிளந்து போவது மிகச் சாதாரணம். நகத்தால் அழுத்தினால் பதியாத பொருளை நாய்க்குக் கடிக்கக் கொடுக்க வேண்டாம் என்பது மைத்துனர் சொன்ன எளிய சோதனை. நம் ஊர் நாய்கள் இழுத்துத் திரியும் தேங்காய் மட்டை இதில் தேறிவிடும். ஓடு தேறாது.

மணிக்கு இப்போது ஒன்பது வயது, 37 பற்கள். உறுமலை நிறுத்த எனக்கு மூன்று மாதமும் கணக்கில்லாத மீன் துண்டுகளும் பிடித்தன. சென்ற மாதம் பக்கத்து வீட்டுக்காரர் தம் நாய்க்குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து, சென்னைக்குப் போகும்போது மயக்கம் இல்லாமல் பல் சுத்தம் செய்யும் இடம் ஏதாவது தெரியுமா என்று கேட்டார். குட்டிக்கு எட்டு மாதம். நிரந்தரப் பற்கள் முளைத்து முடிந்து, ஒரு துளிக் காரை இல்லாத வாய். வீட்டில் கூடுதலாக வாங்கி வைத்திருந்த குழந்தைத் துலக்கி ஒன்றை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.